வளர்த்த கடா ஏன் மார்பில் பாய்கிறது?

வளர்த்த கடா மார்பில் பாய்ந்துவிட்டது என்று புலம்புகிறவரிடம் யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை: கடாவை எதற்காக ஐயா வளர்த்தீர்கள்? கேட்டால் புலம்பல் அங்கேயே நின்றுபோகும். கடா வளர்ப்பது கொஞ்சி மகிழ்வதற்கா? தழை போட்டதும் தண்ணீர் காட்டியதும் ஆட்டின் நலனுக்காகவா? கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, போட்ட தழைக்கு நன்றி கேட்கிறவரின் பழமொழி அது.

1662 டிசம்பர் 26 அன்று பாரிஸ் நகரின் பாலே ரோயால் அரங்கில் மோலியேர் ஒரு நாடகத்தை மேடையேற்றினார். ‘மனைவியர் பள்ளி’ என்று தமிழில் சொல்லலாம். ஐந்து அங்கம், ஏறத்தாழ 1,780 அடி, முழுக்கச் சிரிப்பு. அந்தக் கடா வளர்த்தவரின் புலம்பல்தான் கதை. புலம்புகிறவன் பெயர் அர்னோல்ஃப். கடாவின் இடத்தில் நிற்பவள் ஆக்னெஸ் என்ற இளம்பெண்.

ஆக்னெஸைப் பற்றி ஒரு பழைய கருத்து உண்டு. அவள் பாவம், ஒன்றும் அறியாதவள், ஒன்றும் செய்யாதவள்; ஒருவன் அடைத்து வைத்தான், இன்னொருவன் மீட்டுப் போனான், கடைசியில் அப்பன் வந்து தாரை வார்த்துக் கொடுத்தான்; நாடகத்தில் அவள் கைமாறும் பொருள், அவ்வளவுதான் என்பார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் சரிதான். அர்னோல்ஃப் ஏறக்குறைய எல்லாக் காட்சிகளிலும் மேடையில் நிற்கிறான், பேசுகிறான், வியர்க்கிறான், சபிக்கிறான். ஆக்னெஸுக்கு மொத்த அடிகளில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தனியாக நின்று மனத்தைத் திறந்து பேசும் ஒரு காட்சியும் அவளுக்குக் கிடையாது. என் கட்சி வேறு. அந்த மேடையில் யோசிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அவளைச் செயலற்றவள் என்று சொல்கிறவர்கள், யோசிப்பதைச் செயலாக எண்ணாத கூட்டம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அர்னோல்ஃபுக்கு வயது 42. காசு இருக்கிறது. மனைவிமார் ஏமாற்றிய கணவர்களின் கதைகளைச் சேகரித்துச் சொல்லிச் சிரிப்பது பொழுதுபோக்கு. அந்தப் பட்டியலில் தன் பெயர் ஏறிவிடக் கூடாது என்ற நடுக்கம் உள்ளூர. அதற்கு ஒரு திட்டம் போட்டான். ஓர் ஏழைக் குடியானவப் பெண்ணிடம் வளர்ந்த நான்கு வயதுக் குழந்தையைக் கேட்டு வாங்கினான். ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு சிறிய கன்னியர் மடத்தில் விட்டு, எவ்வளவு முடியுமோ அவ்வளவு மந்தமாக வளர்க்கும்படி ஏற்பாடு செய்தான். மனைவி என்பவளுக்குக் கடவுளைக் கும்பிடவும், துணி தைக்கவும், நூல் நூற்கவும், தன்னை நேசிக்கவும் தெரிந்தால் போதும் என்பது அவன் கணக்கு. வளர்ந்து வந்தவளைத் தனி வீட்டில் வைத்து, அவளைவிட விவரம் குறைந்த இரண்டு வேலைக்காரர்களைக் காவலுக்கு வைத்தான். சில நாள் ஊரில் இல்லாமல் போனான். அந்த இடைவெளியில் ஒராஸ் என்ற இளைஞன் அவளைப் பார்த்துவிட்டான்.

அர்னோல்ஃபுக்கு இன்னொரு பெயரும் உண்டு; பிரபு மாதிரி இருக்கட்டும் என்று ‘த லா சூஷ்’ என்று புதிதாகச் சூட்டிக்கொண்டான். அந்த வீட்டுக் கிழட்டுக் காவல்காரன் த லா சூஷும், தன் அப்பாவின் நண்பர் அர்னோல்ஃபும் ஒரே ஆள் என்று ஒராஸுக்குத் தெரியாது. ஆகவே காதலில் நடக்கும் ஒவ்வொன்றையும் ஓடி வந்து அர்னோல்ஃபிடமே சொல்கிறான். நாடகத்தின் சிரிப்பு இயந்திரம் இதுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். சுறுசுறுப்பான வீரன் என்று பெயர் எடுத்தவன் ஒராஸ். அவன் என்ன செய்தான்? பணம் கடன் வாங்கினான், எதிரியிடமே. திட்டம் போட்டான், எதிரியிடமே ஒப்பித்தான். இரவில் ஏணி வைத்து ஏறினான், காத்திருந்த வேலைக்காரர்கள் கையை ஓங்கியதும் கால் தவறி விழுந்தான். கடைசியில் வீட்டைவிட்டு வெளியே வந்துவிட்ட பெண்ணைக் கையைப் பிடித்து அழைத்துப் போய்ப் பத்திரமாக ஒப்படைத்தான். யாரிடம் என்று சொல்லவும் வேண்டுமா? அவன் கைவைத்த காரியம் ஒவ்வொன்றும் கெட்டது. கெடாமல் நடந்தவை எவை என்று தேடிப் பார்த்தால், அவற்றில் ஆக்னெஸின் கை இருக்கும்.

முதலில், மேடையில் அவள் தலைகாட்டுவதற்கு முன்பே வரும் ஒரு செய்தி. அர்னோல்ஃப் தன் நண்பன் கிரிசால்டிடம் விழுந்து விழுந்து சிரித்துச் சொல்கிறான்: குழந்தை காது வழியாகத்தான் பிறக்கிறதா என்று அந்தப் பெண் தன்னிடம் கேட்டாளாம். எவ்வளவு அப்பாவி பாருங்கள்! அரங்கமும் சிரித்தது. அருவருப்பு என்று சிலர் முகம் சுளித்தார்கள். சிரித்தவர்களும் சுளித்தவர்களும் சேர்ந்து ஒன்றைத் தவறவிட்டார்கள். அவள் கேள்வி கேட்டிருக்கிறாள். காதலன் யாரும் வராத காலத்தில், தூண்டிவிட ஆள் இல்லாத வீட்டில், பிள்ளை எங்கிருந்து வருகிறது என்று தானாகவே யோசித்து, ஒரு விடையை ஊகித்து, சரிதானா என்று விசாரித்திருக்கிறாள். அந்த ஊகமும் அவ்வளவு பைத்தியக்காரத்தனமானதா? கன்னி மரியாள் தேவதூதனின் சொல்லைக் காதால் கேட்டுக் கருவுற்றாள் என்பது இடைக்காலக் கிறிஸ்தவத்தில் ஓவியமும் பாட்டும் ஆகப் பரவியிருந்த கருத்து. மடத்தில் வளர்ந்தவள் அந்த மாதிரி எதையோ கேட்டுவிட்டு, சொல் போன வழியே பிள்ளையும் வர வேண்டும் என்று முடிவுக்கு வந்திருக்கலாம் என்பது என் ஊகம். ஒரே ஒரு தகவலைக் கொடுத்து மற்றதையெல்லாம் பூட்டி வைத்தால், மூளை அந்த ஒன்றை வைத்துத்தான் கணக்குப் போடும். கணக்குத் தப்பு என்றால், கொடுத்த எண் தப்பு.

அப்பாவிப் பெண் என்ற சொல்லை நாம் பாராட்டாகப் பயன்படுத்துகிறோம். குனிந்த தலை நிமிராதவள் என்று மகிழ்ந்து சொல்லும் வீடுகள் உண்டு. கிரிசால்ட் இதற்கு முதல் காட்சியிலேயே ஒரு பதில் வைத்திருக்கிறான். புத்தியுள்ள பெண் தவறு செய்ய வேண்டுமானால், தவறு செய்ய வேண்டும் என்று குறைந்தபட்சம் அவள் நினைத்தாக வேண்டும். ஒன்றும் தெரியாதவளோ நினைக்காமலேயே, ஆசைகூட இல்லாமலேயே அதைச் செய்துவிட முடியும் என்கிறான். தர்க்கத்தில் ஓட்டை இல்லை. நல்லது எது என்று அறியாதவளை நல்லவள் என்று எப்படிச் சொல்வது? பூட்டிய அறையில் திருட்டுப் போகவில்லை என்றால் புகழ் பூட்டுக்குப் போகலாம். உள்ளே இருப்பவரின் ஒழுக்கத்துக்கு அதில் என்ன பங்கு? பெரியாரைப் படித்தவர்களுக்கு இந்த வாதம் பழக்கமானதுதான். ஆனால் கிரிசால்ட் யாருக்காகப் பேசுகிறான் என்று கவனியுங்கள். படித்த மனைவி கணவனுக்கு ஆபத்துக் குறைவு என்கிறான். தாராளவாதியின் வாதமும் உரிமையாளனின் வசதியில் போய்த்தான் முடிகிறது. அந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்ற கேள்வி இருவர் வாயிலும் இல்லை. அவள் தன் சொந்தச் சகோதரியின் மகள் என்பது அவனுக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் கேட்டிருப்பானா என்றால், நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

இனி ஆக்னெஸ் வாயைத் திறக்கும் காட்சி. ஊரிலிருந்து திரும்பிய அர்னோல்ஃப் வேவு பார்க்கும் தோரணையில் கேட்கிறான்: நான் இல்லாதபோது என்ன நடந்தது? பூனைக்குட்டி செத்துப்போனது என்கிறாள். ஆறு சட்டை தைத்ததைச் சொல்கிறாள். பிறகு எதையும் மறைக்காமல் அந்த இளைஞன் கதையைச் சொல்கிறாள். மாடி முகப்பில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். கீழே மரத்தடியில் போனவன் குனிந்து வணங்கினான். மரியாதை தெரியாதவள் என்று ஆகிவிடக் கூடாதே என்று பதில் வணக்கம் வைத்தாள். அவன் மீண்டும் வைத்தான், இவளும் வைத்தாள். போனவன் திரும்பினான், மீண்டும் வணக்கம். இருட்டியிராவிட்டால் இன்னும் நின்றிருப்பேன், மரியாதையில் அவனுக்குக் குறைந்தவள் என்று அவன் எண்ண நான் விடமாட்டேன் என்கிறாள்.

இதைச் சிரிப்புக்காகத்தான் எழுதினார் மோலியேர், சிரிப்பும் வருகிறது. ஆனாலும் அந்தக் கடைசி எண்ணத்தைப் பாருங்கள். எதிரே நிற்பவனுக்குத் தான் ஒரு பிடி குறைவு என்பதை அவள் ஏற்கவில்லை. யாரும் கற்றுக்கொடுக்காத பாடம் அது. மடத்தில் கற்றுக்கொடுத்தது நேர் எதிரானது.

அடுத்த நாள் ஒரு கிழவி வந்து, உன் கண் பட்டு ஓர் இளைஞன் காயப்பட்டுக் கிடக்கிறான், நீதான் குணமாக்க வேண்டும் என்கிறாள். மேலேயிருந்து ஏதாவது விழுந்துவிட்டதா என்று கேட்கிறாள் ஆக்னெஸ். உயிர் போகிறது என்றால் உதவாமல் இருக்க முடியுமா? வரச் சொன்னாள். வந்தவன் கையை முத்தமிட்டான். அப்புறம் எடுத்துக்கொண்டான்… எதை என்று சொல்லத் தயங்குகிறாள், நீங்கள் கோபிப்பீர்கள் என்கிறாள். அர்னோல்ஃபின் முகம் வெளுக்கிறது, அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. கடைசியில் சொல்கிறாள்: நீங்கள் கொடுத்த ரிப்பன். இந்தத் தயக்கமும் ஒரு காரணமாக மோலியேர்மீது பாரிஸில் பெரிய சண்டையே மூண்டது. அவர் 1663இல் இந்தச் சண்டையையே இன்னொரு நாடகமாக்கி மேடையேற்றினார். ஆபாசம் ஆக்னெஸின் வாயில் இருந்ததா, கேட்டவர்களின் மண்டையில் இருந்ததா என்பது அதில் ஒரு விவாதம். அந்த விவாதத்தை விட்டுவிடுகிறேன். அதைத் தொடர்ந்து வருவதுதான் எனக்கு முக்கியம், அதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதும் இல்லை.

இதெல்லாம் பாவம் என்கிறான் அர்னோல்ஃப். ஏன் பாவம் என்கிறாள் அவள். வானத்துக்குக் கோபம் வரும் என்கிறான். ஏன் கோபம் வர வேண்டும், இவ்வளவு இனிமையாக இருக்கிறதே என்கிறாள். கல்யாணம் செய்துகொண்டால் அந்தப் பாவம் நீங்கிவிடும் என்று அவன் சொன்ன மறுகணம், அப்படியானால் சீக்கிரம் கல்யாணம் செய்துவையுங்கள் என்கிறாள். இன்று மாலையே என்கிறான். துள்ளுகிறாள். மாப்பிள்ளை அவன் என்று அவளும், தான் என்று இவனும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அரங்கம் இதை அவளுடைய அறியாமை என்று சிரிக்கிறது. நான் இதைத் தர்க்கம் என்கிறேன். ஆணும் பெண்ணும் தொடுவது பாவம். கல்யாணம் பாவத்தைப் போக்கும். எனவே தொட்டவனைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும். முதல் இரண்டு வாக்கியமும் அவன் கொடுத்தவை. மூன்றாவதை அவள் எடுத்தாள். அதில் அவளுக்கு முன் அவன் போய்ச் சேரவில்லை, ஏனென்றால் தன் சொற்களுக்கு ஒரு முடிவு உண்டு என்று அவன் நினைத்ததே இல்லை. காரணம் சொல்லாமல் விதி மட்டும் சொல்லி வளர்க்கிறவர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. விதியை நம்பாதவன் சமாளித்துக்கொள்வான். விதியை உண்மையிலேயே நம்பிவிட்ட குழந்தை அதைக் கொண்டுபோய்ச் சொன்னவன் எதிர்பார்க்காத வாசலில் நிறுத்தும்.

அர்னோல்ஃப் கட்டளை போடுகிறான்: அவன் மறுபடி வந்தால் கதவைச் சாத்து, சன்னல் வழியாகக் கல்லை எறி. நான் மறைவிலிருந்து பார்ப்பேன். அவள் கல்லை எறிந்தாள். அவன் கண்ணால் பார்த்தான், பூரித்தான். அந்தப் பூரிப்போடு அவளை உட்கார வைத்து ஒரு நீண்ட உபதேசம்: பெண் பிறந்தது அடங்கி நடக்க, தாடி இருக்கும் பக்கமே அதிகாரம், கெட்டு நடக்கும் பெண்களுக்கு நரகத்தில் கொப்பரைகள் கொதிக்கின்றன. பிறகு கையில் ஒரு சிறு புத்தகத்தைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்கிறான்: மணமான பெண்ணின் கடமைகள், எண்ணிட்ட விதிகளாக. அதில் ஏழாவது விதி, மனைவியின் அறையில் மைக்கூடு, மை, காகிதம், இறகுப்பேனா எதுவும் இருக்கக் கூடாது, வீட்டில் எழுத வேண்டியதைக் கணவன் எழுதிக்கொள்வான் என்கிறது. அவள் குரல் பிசகாமல் படிக்கிறாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஒராஸ் வழக்கம்போல ஓடி வந்து சொல்லும்போதுதான் விஷயம் உடைகிறது. அந்தக் கல்லோடு ஒரு கடிதமும் வந்து விழுந்தது. இதுதான் என் பதில் என்று சொல்லித்தான் எறிந்திருக்கிறாள். அர்னோல்ஃப் அதைக் கல்லைப் பற்றியது என்று எண்ணினான். கட்டளைப்படி கல் எறியப்பட்டது. காகிதம் கட்டக் கூடாது என்று கட்டளையில் இல்லை. பொய் ஒன்றுகூடச் சொல்லவில்லை. ஏழாவது விதியை அவள் படித்துக்கொண்டிருந்தபோது, அது தடுக்க நினைத்த காரியம் நடந்து முடிந்து, காகிதம் ஒராஸின் சட்டைப்பைக்குள் இருந்தது. எழுத்து இதற்கா பயன்பட்டது என்று அர்னோல்ஃப் பல்லைக் கடிக்கிறான்; தன் விருப்பத்துக்கு மாறாக அவள் எழுத்தைக் கற்றுவிட்டாள் என்று புலம்புகிறான்.

அந்தக் காலத்தில் அது எவ்வளவு அபூர்வமான ஆயுதம் என்று காட்ட ஒரு கணக்கு. பிரான்சின் பழைய திருமணப் பதிவேடுகளை 1870களில் லூயி மாஜியோலோ என்ற ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி ஆசிரியர்களைக் கொண்டு நாடு முழுதும் எண்ணவைத்தார். 1686–90 ஆண்டுகளில் தன் கல்யாணப் பதிவில் கையெழுத்துப் போடத் தெரிந்த மணமகன்கள் நூற்றுக்கு 29. மணமகள்கள் 14. மற்றவர்கள் கீறல் போட்டார்கள், அல்லது அதுவும் இல்லை. ஆக்னெஸ் எழுதியது கையெழுத்து மட்டுமா? ஒரு முழுக் கடிதம்.

அந்தக் கடிதம் நாடகத்திலேயே தனித்து நிற்கிறது. எல்லோரும் எதுகையோடு கவிதையில் பேசும் நாடகத்தில் அது மட்டும் உரைநடை. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை என்று தடுமாறித் தொடங்குகிறாள். மனத்தில் இருப்பதைச் சொல்ல வேண்டும், ஆனால் தன் சொற்களின்மீதே அவளுக்கு நம்பிக்கை இல்லை. காரணத்தையும் தானே சொல்கிறாள்: இத்தனை நாளும் தன்னை அறியாமையில் வைத்திருந்தார்கள் என்பது இப்போது தனக்குத் தெரிய ஆரம்பித்திருக்கிறது, அதனால் தகாதது எதையாவது எழுதிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. இளைஞர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று தனக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்கிறாள், அதை அப்படியே அவன் முன் வைக்கிறாள், உண்மையா என்று ஒளிக்காமல் சொல் என்கிறாள். தன்னிடம் வஞ்சகம் இல்லாதபோது தன்னை ஏமாற்றினால் அது உலகிலேயே பெரிய அநியாயமாக இருக்கும் என்கிறாள்.

இது காதல் கடிதமா? காதலும் இருக்கிறது. ஆனால் இதில் ஒரு மனம் தன் நிலையை அளந்து பார்க்கிறது. எனக்கு என்ன தெரியாது, அது ஏன் தெரியாமல் போனது, தெரியாமல் வைத்தது யார், இப்போது எனக்குச் சொல்லப்படுவதை நம்பலாமா, நம்புவதற்கு என்ன ஆதாரம். பள்ளிக்கூடம் போன பலர் வாழ்நாள் முழுதும் கேட்டுக்கொள்ளாத கேள்விகள். தத்துவவாதி தெகார்த் தன் ‘முறை பற்றிய உரை’யை வெளியிட்டது 1637இல், பகுத்தறிவு எல்லோருக்கும் சமமாகவே வாய்த்திருக்கிறது, அதை நடத்திச் செல்லும் வழியில்தான் வேறுபாடு என்ற கருத்து பாரிஸ் முழுக்கப் பேச்சாக இருந்த காலம். அதைப் பெண்களுக்கும் பொருத்தி, ஆண்–பெண் சமத்துவத்தைத் தெகார்த்தின் வழியிலேயே வாதிட்டு பூலேன் த லா பார் புத்தகம் எழுதியது 1673இல். மேடையில் ஆக்னெஸ் அதற்கு 11 ஆண்டுகள் முந்திவிட்டாள். புத்தகம் எதையும் படிக்காமல், மைக்கூடு மறுக்கப்பட்ட அறையிலிருந்து.

ஒராஸ் இதைப் படித்துவிட்டுச் சொல்வது வேறு. காதல்தான் பெரிய ஆசான், ஒரே நாளில் மந்தத்தைக் கூர்மையாக்கிவிடும் என்று பரவசப்படுகிறான். மோலியேரே அந்தக் கட்சிதான் என்று பலரும் எண்ணுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. காதல் கற்றுக்கொடுத்தது என்றால் புகழ் மறுபடியும் காதலனுக்குப் போய்விடுகிறது. அடைத்தவன் முட்டாளாக்கினான், வந்தவன் அறிவாளியாக்கினான், நடுவில் அவள் களிமண். காது கேள்வி அவன் வருவதற்கு முன்பே கேட்கப்பட்டது. ஆக்னெஸும் பின்னால் தனக்குத் தெரிந்ததெல்லாம் ஒராஸால் தெரிந்தது என்றுதான் சொல்கிறாள். மறுக்கவில்லை. ஆனால் ஒராஸ் கற்றுக்கொடுத்த பாடம் எது என்று நாடகத்தைப் புரட்டிப் பார்த்தால் ஒன்றும் இல்லை. அவன் செய்ததெல்லாம் அவள் பேசியபோது பதில் சொன்னதுதான். பதிமூன்று, பதினான்கு வருடம் ஒருவரும் பதில் சொல்லாத இடத்தில் வளர்ந்தவளுக்கு அதுவே பெரிய கல்வியாகத் தோன்றியிருக்கும்.

இப்போது கடாவுக்கு வருவோம். ஐந்தாம் அங்கம். ஒராஸின் புண்ணியத்தில் அவள் மறுபடி அர்னோல்ஃபின் கையில். அவன் பழமொழியை அவிழ்த்துவிடுகிறான்: நன்றி கெட்டவளே, பாம்பே, என் மடியில் வளர்த்தேனே. ஏன் திட்டுகிறீர்கள் என்கிறாள். ஒருவன் பின்னால் ஓடுகிறாயே என்கிறான். அவர் என்னை மனைவியாக்கிக்கொள்ள விரும்புகிறார், பாவம் நீங்கக் கல்யாணம் செய்ய வேண்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்கிறாள். என்னை ஏன் நேசிக்கவில்லை என்கிறான். நேசிக்க வைத்திருக்கலாமே, நான் தடுத்தேனா என்கிறாள். வளர்த்ததற்குச் செலவு, பாடு, அக்கறை, இதெல்லாம் ஒன்றும் இல்லையா என்கிறான். அதெல்லாவற்றையும் கடைசிச் சல்லிவரை ஒராஸ் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்கிறாள்.

அரங்கம் இங்கேயும் சிரிக்கும். எனக்கு இந்தப் பதிலில் அப்பாவித்தனம் தெரியவில்லை. செலவுக் கணக்கை முதலில் எடுத்தவன் அவன். கணக்கு என்றால் அடைத்துவிடலாம், அடைத்தால் தீர்ந்தது. அடைக்க முடியாத கடன் என்று ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு மனிதரின் வாழ்நாள் முழுவதையும் அடமானமாகக் கேட்பவர்களுக்கு இதைவிடச் சரியான பதில் கிடையாது. அதோடு விடவில்லை. என்னை வளர்ப்பதில் அருமையாகத்தான் செய்திருக்கிறீர்கள், என்னை எப்படி ஆக்கியிருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்களா, இந்த வயதில் முட்டாளாக இருக்க எனக்கே வெட்கமாக இருக்கிறது, இனி முடிந்தவரை அப்படி இருக்கப் போவதில்லை என்கிறாள். அவன் கையை ஓங்குகிறான். உங்களுக்கு அதில் மகிழ்ச்சி என்றால் அடிக்கலாம் என்கிறாள். கை தானாக இறங்குகிறது.

நன்றி என்பது நல்ல குணம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: கொடுத்தவர் பெறுபவரின் நன்மைக்காகக் கொடுத்திருக்க வேண்டும். தன் உபயோகத்துக்கு வளர்த்தவர் செய்தது முதலீடு. அறிவை வேண்டுமென்றே மறுத்து வளர்த்தவரோ முதலீட்டாளரைவிட மோசம். ஒப்புக்கொள்ளவும் மறுக்கவும் தேவையான உறுப்பையே வெட்டிவிட்டு, அப்புறம் ஒப்புதல் கேட்கிறார். வளர்த்தவர், படிக்கவைத்தவர், ஆளாக்கியவர் என்ற வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் இந்த நிபந்தனை பொருந்தும். பொருத்திப் பார்க்கும்போது உறுத்தினால் உறுத்தட்டும்.

அர்னோல்ஃப் கடைசியில் கெஞ்சுகிறான். அழட்டுமா, தலைமயிரைப் பிய்த்துக்கொள்ளட்டுமா, செத்துப்போகட்டுமா என்கிறான். கல்யாணத்துக்குப் பிறகு நீ விரும்பியபடி இருக்கலாம் என்றுகூட இறங்கி வருகிறான். இந்த இடத்தில் அவன்மேல் இரக்கம் கொள்ளும் பார்வையாளர்கள் எக்காலத்திலும் உண்டு. அந்த வேடத்தில் நடித்தவர் மோலியேரே. அதே 1662இன் பிப்ரவரியில் தன் நாற்பதாவது வயதில், தன்னைவிட ஏறத்தாழ இருபது வயது இளையவரான அர்மாந்த் பெஜாரை மணந்திருந்தார் என்பதால் வம்புக்கும் குறைவில்லை. வம்பு நமக்கு வேண்டாம். அவன் துன்பம் உண்மையானதாகவே இருக்கட்டும். உங்கள் பேச்சு என் மனத்தைத் தொடவே இல்லை, ஒராஸ் இரண்டு வார்த்தையில் இதைவிட அதிகம் செய்துவிடுவார் என்று அவள் சொல்வதைக் கொடுமை என்கிறார்கள். அவள் கேட்கப்பட்ட கேள்விக்கு உண்மையைச் சொன்னாள். தான் அழுதால் எதிராளி இளக வேண்டும் என்பது அவனுடைய கடைசிப் பூட்டு. பதில் கிடைத்ததும் அடுத்த வாக்கியத்திலேயே மடத்தில் அடைத்துவிடுவேன் என்று மிரட்டுகிறான். எட்டிப் பார்த்த இரக்கத்தை அந்த மிரட்டலோடு எடைபோட்டுக்கொள்ளுங்கள்.

முடிவுதான் எதிர்க்கட்சியின் பலம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் 14 வருடம் பொருள் ஈட்டித் திரும்பிய ஆன்ரிக் என்பவர் வந்து சேர்கிறார். ஆக்னெஸ் அவருடைய மகள் என்று தெரிகிறது. அவரும் ஒராஸின் அப்பாவும் ஏற்கெனவே பேசி முடித்த சம்பந்தமே இவர்கள் இருவரும். எல்லோரும் சுபம். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாடகத்தில் அவள் கடைசியாகச் சொல்வது, அர்னோல்ஃப் இழுத்துப் போக முயலும்போது, இங்கேயேதான் இருப்பேன் என்பது. அதற்குப் பிறகு அப்பாக்களும் மாமன்களும் பேசுகிறார்கள், அவள் பேசவில்லை. மோலியேருக்கு வேறு வழியும் குறைவு. 1556ஆம் ஆண்டு அரசாணைப்படி 25 வயதுக்கு உட்பட்ட பெண் பெற்றோர் சம்மதம் இல்லாமல் மணம் செய்தால் சொத்துரிமை போகலாம்; 1579இன் புளுவா சட்டத்துக்குப் பிறகு அப்படி அழைத்துப் போகிறவன் கடத்தல் குற்றவாளியாகத் தூக்குமேடைவரை போகலாம். ஒராஸோடு அவள் நடந்து போயிருந்தால் நகைச்சுவை அங்கேயே முடிந்திருக்கும். அதனால் கப்பலில் ஓர் அப்பா வந்தாக வேண்டியிருந்தது.

ஆனால் அந்த அப்பா எப்போது வந்தார் என்று பாருங்கள். இன்று மாலையே கல்யாணம் என்று அர்னோல்ஃப் சொன்னது இரண்டாம் அங்கத்தில். ஒப்பந்தப் பத்திரம் எழுத நோட்டரியைக் கூட்டிவரச் சொல்லி ஆளும் அனுப்பிவிட்டான். நான்காம் அங்கத்தில் நோட்டரி வந்து நிற்கிறார். சீதனம் எவ்வளவு, நன்கொடை எப்படி என்று வரிசையாகப் பேசுகிறார். மாப்பிள்ளையோ அந்தக் கடிதத்தின் அதிர்ச்சியில் தனக்குத்தானே புலம்பிக்கொண்டிருக்கிறான். அவன் புலம்பலைத் தன் கேள்விக்குப் பதில் என்று எண்ணி நோட்டரி வாதம் செய்கிறார். கடைசியில் இந்த ஆளுக்குப் பைத்தியம் என்று முடிவு கட்டி, பத்திரம் எழுதாமலே கிளம்பிப் போகிறார். மாலை கடந்தது, இரவும் கடந்தது. ஐந்தாம் அங்கம் தொடங்கும்போது விடியப் போகிறது. ஆன்ரிக் வந்து சேர்வது அந்தக் காலையில். கல்லில் காகிதம் கட்டாமல் வெறும் கல்லை மட்டும் ஆக்னெஸ் எறிந்திருந்தால், அமெரிக்காவிலிருந்து வந்த அப்பாவை வாசலில் நின்று வரவேற்றிருக்கப் போகிறவள் திருமதி த லா சூஷ்.